பாசியையும் பாக்டீரியாவையும் ஒரே கூழ்மணிக்குள் வளர்ப்பது எப்படி?

குளோரெல்லா பாசியோடு அசோஸ்பைரில்லம் பாக்டீரியாவைச் சேர்த்து வளர்த்தால் பாசி வேகமாகப் பெருகும். பாசி வெளிவிடும் கரிமப் பொருளை உண்டு பாக்டீரியா வாழ்கிறது. பதிலுக்கு இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தருகிறது. மெக்சிகோவில் யோவாவ் பஷான் குழுவினர் இந்த இரண்டையும் ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழ்ப்பொருளால் ஆன மணிகளுக்குள் அடைத்து ஆராய்ந்தார்கள். அதன் எளிய வடிவத்தைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வீட்டுச் சமையலறையிலேயே செய்யலாம்.

தேவையானவை: குளோரெல்லா வளர்ப்பு நீர், மீலிப் (மக்காச்சோளப்) பயிருக்குப் போடும் திரவ அசோஸ்பைரில்லம் உயிர் உரம், சோடியம் ஆல்ஜினேட், கால்சியம் குளோரைடு, ஊசியில்லா சிரிஞ்சு இரண்டு, ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாப் பயிர் வளர்ப்பு) உரம், மீன்தொட்டிக் காற்று பம்ப், இரண்டு பாட்டில்கள்.

கொதித்து ஆறிய 100 மில்லி நீரில் 3 கிராம் ஆல்ஜினேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். குமிழிகள் அடங்க ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

மறுநாள் இரண்டு கிண்ணங்களிலும் 40 மில்லி ஆல்ஜினேட், 15 மில்லி பாசி நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் 5 மில்லி உயிர் உரம். மற்றதில் அதே உரத்தைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதே அளவு. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உரத்தில் இருக்கும் சத்து இரண்டுக்கும் பொது. உயிருள்ள பாக்டீரியா ஒன்றில்தான். அப்போதுதான் பலன் யாருடையது என்று தெரியும்.

200 மில்லி நீரில் 4 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்து, கலவையைச் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஜவ்வரிசி மாதிரி மணிகள் திரளும். இரண்டு கலவைக்கும் தனித்தனிக் கரைசல், தனித்தனி சிரிஞ்சு. அரை மணி நேரம் கழித்து அலசி எடுங்கள்.

அப்புறம், ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டர் வீதம் பாட்டில்களில் ஊற்றி, இரண்டு வகை மணிகளையும் தனித்தனிப் பாட்டிலில் போடுங்கள். ஹைட்ரோபோனிக்ஸ் உரம் வழக்கமான அளவில் கால் பங்கு போதும். பாஸ்பேட் கூடினால் அது மணியிலுள்ள கால்சியத்தை இழுத்துக்கொள்ளும், மணி இளகிவிடும். சர்க்கரை, வெல்லப்பாகு எதுவும் வேண்டாம். வேண்டாத கிருமிகள்தான் பெருகும்.

வெளிச்சத்துக்குத் தமிழ்நாட்டுக் குறிப்புகளை நம்ப வேண்டாம். டர்பனில் நண்பகல் வெயில் எப்போதும் வடக்கிலிருந்துதான் வரும். வடக்கு ஜன்னலில் மெல்லிய திரை போட்டு வையுங்கள். கோடையில் தண்ணீர் சூடேறாமல் பாருங்கள். பம்ப் மெதுவாகக் குமிழி விடட்டும்.

சில நாளுக்கு ஒருமுறை இரண்டு பாட்டிலிலிருந்தும் சில மணிகளை வெள்ளைத் தட்டில் அருகருகே வைத்து, ஒரே வெளிச்சத்தில் படமெடுங்கள். பச்சையின் அடர்த்தியே உங்கள் அளவுகோல். இதைச் சாப்பிடக் கூடாது. முடிந்ததும் செடித் தொட்டி மண்ணில் கொட்டிவிடலாம்.