பூனைக்குப் பூச்சி மருந்து கொடுப்பது எப்படி?

குட்டிப் பூனை நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறதா? முதலில் குடற்புழுவைச் சந்தேகப்படுங்கள். வாசல் தாண்டாத குட்டிக்கும் புழு இருக்கும். தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு வந்துவிடும்.

1. எந்தப் புழு என்று பாருங்கள். வாந்தியிலோ மலத்திலோ சேமியா மாதிரி வெள்ளையாக நீண்டு கிடந்தால் உருண்டைப்புழு. வாலடியிலும் படுக்கும் துணியிலும் அரிசி அளவு துண்டுகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. கொக்கிப்புழு கண்ணில் படுவது அரிது. அது ரத்தத்தை உறிஞ்சுவதால் ஈறு வெளுக்கும், மலம் கறுக்கும். சந்தேகமாக இருந்தால் அன்றைய மலத்தில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மைக்ரோஸ்கோப்பில் முட்டையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

2. எடை போடுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டியைச் சமையலறைத் தராசில் வையுங்கள். பெரிய பூனை என்றால் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

3. மருந்து. பைரான்டெல் உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கேட்கும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்கு பிராசிகுவான்டெல் வேண்டும். இரண்டும் சேர்ந்த பூனை மாத்திரையும் கிடைக்கிறது. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். புழுவுக்கு வீட்டு வைத்தியம் என்று பூண்டு மட்டும் தயவுசெய்து வேண்டாம். பூனையின் சிவப்பணுக்களை அது சிதைக்கும்.

4. கொடுக்கும் விதம். பூனையைத் துண்டில் சுற்றி, தலையை லேசாக உயர்த்தி, மாத்திரையை நாக்கின் மேல் பின்பக்கமாக வைத்து வாயை மூடுங்கள். அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள். தண்ணீர் இல்லாமல் போனால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கலாம். மறுநாள் மலத்தில் புழு வந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது.

5. தெள்ளுப்பூச்சியை ஒழியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பூனையிடம் அதிகம் காணப்படும் நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வருகிறது. உடம்பை நக்கும்போது பூனை அந்தப் பூச்சியை விழுங்கிவிடும். தெள்ளு அப்படியே இருந்தால் மூன்று வாரத்தில் மறுபடியும் அரிசித் துண்டுகளைப் பார்ப்பீர்கள், மருந்து சரியில்லை என்று நினைப்பீர்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்க்கும் ஒரே நேரத்தில் தெள்ளு மருந்து போடுங்கள். ஆனால் நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

6. அடுத்த தவணை. ஒரு தடவையோடு முடியாது. குட்டிக்கு மூன்று வார வயதில் தொடங்கி இரண்டு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். வெளியே சுற்றி எலி பிடிக்கும் பெரிய பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

மலத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். உருண்டைப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அகற்றிவிட்டால் குழந்தைகளுக்கும் பரவாது. அள்ளியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குட்டி சோர்ந்து படுத்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.