சுளித்த முகத்தில் சிக்கும் கண்ணை மீட்பது எப்படி

நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பேச எழுந்தால், தன்னம்பிக்கை குறைந்தவரின் கண் போய் ஒட்டிக்கொள்வது புருவம் சுருக்கிய அந்த ஒரே முகத்தில்தான். தலையாட்டிக் கேட்பவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். ‘யாரும் தப்பாக நினைக்கவில்லை’ என்று மனசுக்குச் சொல்லிப் பயனில்லை. யோசனைக்கு முன்பே கண் ஓடிவிடுகிறது. பழக்க வேண்டியது கண்ணை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டாண்டனோ, பால்ட்வின் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு எளிய பயிற்சி இருக்கிறது. திரையில் 16 முகங்கள். 15 சுளித்தவை, ஒன்று சிரிப்பது. அதைச் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சிக்குப் பின் நடந்த சோதனையில், சுயமதிப்பு குறைந்தவர்களின் கவனத்தை நிராகரிப்பைக் குறிக்கும் சொற்கள் முன்போல இழுக்கவில்லை. சுளிப்பை விட்டு நகர்வதுதான் இங்கே பயிற்சி. சிரிப்பு வெறும் இலக்கு.

வீட்டிலும் செய்யலாம். செல்போனில் நான்குக்கு நான்காகப் படங்களை அடுக்கிப் பத்துப் பலகைகள் தயாரியுங்கள். தினம் ஐந்து நிமிடம் போதும். சிரிக்கும் முகத்தில் பல் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் வெள்ளைப் புள்ளியைத்தான் பிடிக்கும், முகத்தைப் படிக்காது. அந்த முகம் இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்; இல்லாவிட்டால் விரல் இடத்தை மனப்பாடம் செய்துவிடும்.

கூட்டத்தில், ஒரு முகத்துக்கு ஒரு வாக்கியம். சுளித்த முகம் எதிர்ப்பட்டால் வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். பாதியில் பார்வையை வெட்டித் திருப்பாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்க அந்த முகம் பெரிதாகும். மூன்றாவது வரிசையில் புருவம் நெரிப்பவர் புரொஜெக்டர் வெளிச்சத்தில் கண் கூசி உட்கார்ந்திருக்கலாம். கூர்ந்து கேட்கும்போதும் கோபத்திலும் சுருங்குவது ஒரே புருவத் தசைதான். அதனால் புருவத்தை மட்டும் நம்பாமல் உதட்டையும் உடம்பையும் பாருங்கள். உதடு இறுகி, உடம்பும் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், “இதுவரை சொன்னது தெளிவா இருக்கா?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். ‘குரல் நடுங்குதோ’ என்று கவனம் உள்ளே திரும்பினால் எந்த முகமும் பதியாது. பயம்தான் முகங்களை வரைந்து காட்டும். அப்போது கவனத்துக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள்: யார் குறிப்பெடுக்கிறார், யார் பேனாவைச் சுழற்றுகிறார் என்று கவனியுங்கள்.

பேசி முடித்ததும் நினைவிருக்கும் முகங்களை எழுதுங்கள். ஒன்றுதான் வருகிறதென்றால், அன்று கண் எங்கோ சிக்கியிருந்தது. பயத்தால் கூட்டங்களுக்கே போகாமல் நின்றுவிட்டவர்கள், இதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.