ஆற்றுத் திட்டத்துக்குக் கருத்து எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் பேராக் ஆற்றை நம்பிக் காய்கறி போடுகிறவர்கள், மாடு வளர்க்கிறவர்கள், தூண்டிலோடு போகிறவர்கள் நிறைய. ஆற்றில் பெரிய தண்ணீர்த் திட்டம் வந்தால் நாமும் கருத்து எழுதலாம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவு, குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை கேட்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2015 ஆணையின் இரண்டாம் அட்டவணையில் வரும் திட்டம் என்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதில் அருகிவரும் உயிரினங்களைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

"அதைப் பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) பார்த்துக்கொள்ளும், நமக்குத் தண்ணீர் வந்தால் போதும்" என்று அந்தப் பக்கங்களைப் புரட்டாமலே விடுவது முதல் தவறு. இந்த ஆறு துந்தோங் ஆமையின் ஆறு. அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது. கீழ் ஆற்றில் இரை தேடும். வறண்ட மாதங்களில் மேலே போய் மணல்திட்டில் முட்டையிடும். போத்தா கானானில் அதற்கென்றே பெர்ஹிலித்தானின் இனப்பெருக்க மையம் இருக்கிறது. ஆற்றின் மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என்று அணைகள். செண்டெரோ 1930லேயே வந்துவிட்டது. முட்டையிடும் காலத்தில் தண்ணீர் சட்டென்று ஏறினால் திட்டு மூழ்கி முட்டை வீணாகும். நம் கரையோரக் கீரைப் பாத்தியை அடித்துப் போவதும் அப்படி ஏறும் தண்ணீர்தான். ஆமையா நாமா என்று பிரித்துப் பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றே.

அடுத்தது, பொத்தாம் பொதுவாக எழுதுவது. "ஆறு முன்ன மாதிரி இல்லை" என்று எழுதினால், அறிக்கையைத் தயாரிக்கும் ஆய்வாளர் அதை வைத்து என்ன செய்வார்? எந்த நாள், எத்தனை மணி, எந்தப் படித்துறை, தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்தது என்று எழுதுங்கள். நம் பக்கம் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆறு. அதனால் அப்போது ஏற்றமா வற்றமா என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் "அது கடல் ஏற்றம்" என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். கரகம் பாலிக்கப் போன வருஷம் மணல்திட்டு எங்கே இருந்தது, இந்த வருஷம் எங்கே என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். திருவிழாத் தேதி தெரியுமென்பதால் அதுவும் நல்ல சான்றுதான். பழைய படம் இருந்தால் இணையுங்கள்.

எல்லாவற்றையும் "ஆமை" என்று எழுதுவதும் கெடுதல். லாபி-லாபி என்ற இன்னொரு வகை ஆமைக்கு ஓடு மெத்தென்று இருக்கும், காலில் மூன்று நகம். துந்தோங்குக்கு முன்காலில் நான்கு நகம், மூக்கு சற்று மேல்நோக்கி இருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் கண்டதை மட்டும் எழுதுங்கள், பெயர் வைக்க வேண்டாம்.

ஒரே கடிதத்தில் இருநூறு கையெழுத்து வாங்குவதைவிட, பத்துப் பேர் பத்து விதமாகத் தாங்கள் பார்த்ததை எழுதுவது மேல். மலாயில் எழுதுங்கள், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உதவுவார்கள்.

தாமதமும் உண்டு. அறிக்கை முடிந்த பிறகு ஓடுகிறோம். எதை எதை ஆராய வேண்டும் என்று முடிவாகும் ஆரம்பக் கட்டத்திலேயே "வறண்ட மாதங்களிலும் வந்து பாருங்கள்" என்று கேட்டுவிட்டால், மழைக்காலத்தில் மட்டும் வந்து பார்த்துவிட்டு "எதுவும் காணவில்லை" என்று எழுத முடியாது.

அப்புறம், ஆமையைப் பார்த்தோம் என்றால் ஆற்றில் இறங்கவே விடமாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால், அங்கே ஒன்றுமே இல்லை என்று பதிவாகும். தண்ணீரை எப்போது எவ்வளவு திறப்பது என்று நிபந்தனை கேட்க நம் கையில் ஆதாரம் இருக்காது.

ஒன்றே ஒன்று மட்டும் மறைக்க வேண்டும்: முட்டை இருக்கும் திட்டு. அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், முட்டை திருடுகிறவர்களும் படிப்பார்கள். இடத்தைப் பெர்ஹிலித்தான் அதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள். கடிதத்தில் "இடம் தனியாகத் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் குறிப்பிடுங்கள்.