பழைய சிங்கிள் மால்ட்: வாங்கும் முன் பாட்டிலைப் படியுங்கள்

சிங்கிள் மால்ட் என்பது ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் காய்ச்சிப் பீப்பாயில் முதிர வைத்த விஸ்கி. பீப்பாயை விட்டுக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் போனதும் விஸ்கிக்கு வயது ஏறாது. 1975-இல் பாட்டிலில் அடைத்த 12 வருட விஸ்கி இன்றும் 12 வருட விஸ்கிதான். நாம் தேடுவது அந்தக் காலத்துக் காய்ச்சும் முறையையும் அந்தக் காலத்துப் பீப்பாயையும். அதனால் எப்போது அடைத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. லேபிளில் பெரும்பாலும் அந்த வருடம் இருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவையும் வீரியத்தையும் முதலில் பாருங்கள். பிரிட்டனில் விற்ற பாட்டிலில் '70 ப்ரூஃப்', '26⅔ திரவ அவுன்ஸ்' என்று இருந்தால் அது 1980-க்கு முந்தியது. ப்ரூஃப் என்பது பழைய பிரிட்டிஷ் வீரிய அளவு: 70 ப்ரூஃப் என்றால் இன்றைய கணக்கில் 40 சதவீத ஆல்கஹால். 100 ப்ரூஃப் என்றால் 57. சதவீதக் கணக்கும் 75 சென்டிலிட்டரும் சேர்ந்திருந்தால் 1980-களை ஒட்டியது. 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பா 70 சென்டிலிட்டருக்கு மாறியது. அமெரிக்கப் பாட்டிலில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அங்கே 75 இன்றும் நடக்கிறது. இறக்குமதியாளர் முகவரி அமெரிக்காவில் இருந்தால் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் லேபிளின் ஓரங்கள். என்னிடம் லாகவுலின் என்ற ஸ்காட்லாந்து ஆலையின் 16 வருட விஸ்கி இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்: அதே வெளிர்மஞ்சள் தாள், அதே 43 சதவீதம். ஒன்றின் லேபிளில் அடியில், பொடி எழுத்தில், 'ஒயிட் ஹார்ஸ் டிஸ்டிலர்ஸ், கிளாஸ்கோ' என்று இருக்கிறது. அதுதான் பழையது, அந்த ஒரு வரிக்காகத்தான் விலை ஏறுகிறது. லஃப்ரோய்க் என்ற இன்னொரு ஸ்காட்லாந்து ஆலையின் லேபிளில், அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் மூன்று இறகுச் சின்னம் 1994-க்குப் பிறகுதான் வந்தது. சின்னம் இல்லாத 10 வருடப் பாட்டில் கிடைத்தால் நின்று பாருங்கள். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டும்தான். 1983-இல் மூடப்பட்ட போர்ட் எல்லன், ப்ரோரா ஆலைகளின் பழைய பாட்டில்கள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம், விலை கையைச் சுட்டுவிடும்.

தேதி சரி என்றால் விஸ்கி எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தில் நின்றால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒருமுறை ஏலத்தில் படத்தை மட்டும் நம்பி, 1970-களின் திருகுமூடிப் பாட்டில் ஒன்றை வாங்கினேன். படத்தில் கழுத்தை ஒரு லேபிள் மறைத்திருந்தது. வந்தபோது தோளுக்கு இரண்டு விரல் கீழே. திறந்தால் மணமே இல்லை, வெந்நீரில் நனைத்த அட்டை மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்காமல் விலை சொல்வதில்லை.

போலிகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆய்வகம் ஒன்று 2018-இல் 55 அரிய பாட்டில்களைக் கார்பன் வயதுக் கணிப்பு முறையில் சோதித்தது, 21 போலி. விலை உயர உயர, பாட்டில் யார் கைகளில் இருந்தது என்று விசாரியுங்கள். ஏலக் கமிஷன், வரி, தபால் செலவு மூன்றையும் கூட்டிய பிறகே உங்கள் உச்ச விலையை எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நிற்க வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும்.

திறக்கிற நாளில் பாட்டிலைச் சில நொடிகள் சாய்த்துக் கார்க்கை நனைத்துவிட்டு, மெல்லத் திருகி எடுங்கள். பாதியில் முறிந்தால் பதற வேண்டாம்: கார்க்கின் இரு பக்கமும் மெல்லிய தகடுகளை இறக்கி இழுக்கும் இரட்டைத் தகடு திறப்பானால் மிச்சத்தை எடுத்து, விஸ்கியைக் காபி வடிதாளில் வடிகட்டிவிடலாம். இதற்காகவே காலிப் பாட்டில்களின் நல்ல கார்க்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் மடக்கில் பழைய பெட்டி வாடை அடித்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிளாஸில் அரை மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள்.