இஸ்லாத்தின் வரலாற்றைத் திருகோணமலையில் இருந்து படிக்கத் தொடங்குவது எப்படி

அக்காவின் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டான்: திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாவில் இருக்கும் தன் நண்பனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்' என்று ஏன் போட்டிருக்கிறார்கள், அவன் முஸ்லிம்தானே, வீட்டில் தமிழ்தானே கதைக்கிறான் என்று. அதற்குப் பதில் தேட வெளிக்கிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் பிடிபட்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன், நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம்.

முதலில் அந்தச் சொல்லையே பிடியுங்கள். சோனகர் என்பது யவனர் என்ற பழஞ்சொல்லின் வழிவந்தது. மேற்கே இருந்து கப்பலில் வந்த கிரேக்கரையும் உரோமரையும் யவனர் என்ற தமிழர், பிறகு அதே திசையில் இருந்து வந்த அரேபியரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அதாவது நம் கரையில் நின்று பார்த்தவனுக்கு அரேபியனும் மேற்குத்தான். ஆங்கிலத்தில் அதே பத்திரத்தில் 'மூர்' என்று இருக்கும். அது 1505இல் இங்கே வந்த போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். வட ஆபிரிக்காவில் இருந்து வந்து ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களை அவர்கள் 'மௌரோ' என்பார்கள், இங்கே தமிழ் பேசிக்கொண்டு வியாபாரம் செய்தவர்களுக்கும் அதையே சூட்டிவிட்டார்கள். 711இல் முஸ்லிம் தளபதி தாரிக் ஜிப்ரால்டரில் இறங்கியதில் இருந்து 1492இல் அங்கிருந்த கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழும் வரை 781 ஆண்டுகள் ஸ்பெயினில் நடந்த ஒரு கதையின் தழும்பு, கிண்ணியாப் பையனின் பத்திரத்தில் இருக்கிறது. மேற்கும் இஸ்லாமும் என்ற தலைப்புக்கு இதைவிடக் கிட்டிய வாசல் எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு உலகப்படம் எடுங்கள், காற்றை வரையுங்கள். தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று எப்போது, வடகிழக்கில் இருந்து வரும் வாடை எப்போது என்று நம் கடற்கரையில் எந்த மீன்பிடிகாரரைக் கேட்டாலும் சொல்வார். அரேபியாவில் இருந்து வந்த பாய்க்கப்பல்களும் அந்தக் காற்றுகளை நம்பித்தான் ஓடின, தென்மேற்குக் காற்றோடு வந்தவன் திரும்பிப் போக வாடை வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த இடத்தில் கடன், நட்பு, கல்யாணம், பிள்ளை, கடைசியில் பள்ளிவாசல். பருவக்காற்றுக்கு ஐரோப்பியர் சொல்லும் 'மொன்சூன்' என்ற சொல்லே 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லில் இருந்து போனதுதான். கிழக்கில் பல முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடி முறை, அதாவது பிள்ளையின் குலத்தைத் தாயின் வழியில் எண்ணும் முறை இருக்கிறது, மட்டக்களப்புத் தமிழரிடமும் அதே முறை இருக்கிறது. அரேபியரோ தந்தைவழியில் வம்சம் எண்ணுகிறவர்கள். மார்க்கம் கடல் வழியாக வந்தது, குடி இந்த மண்ணின் தாய்மாரிடம் இருந்து வந்தது, இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, இனிக் கொப்பியில் மூன்று பத்தி கீறுங்கள்: ஆட்சி, நம்பிக்கை, வணிகம். 'இஸ்லாம் எப்படிப் பரவியது' என்ற கேள்வியில் பெரும்பாலான சண்டை இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் வருகிறது. முஹம்மது நபி மக்காவில் இருந்து மதீனாவுக்குப் போனது 622, அவர் மறைந்தது 632. அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்குள் ஆட்சி ஸ்பெயினில் இருந்து சிந்து வரை எட்டிவிட்டது, படைகள் போனதால். நம்பிக்கை அந்த வேகத்தில் போகவில்லை. எகிப்து 640களின் தொடக்கத்தில் அரபு ஆட்சிக்குள் வந்தது, ஆனாலும் அதற்குப் பிறகு நூற்றாண்டுக்கணக்கில் அங்கே பெரும்பாலானோர் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். இன்று உலகிலேயே முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் முன்னால் நிற்கும் இந்தோனேசியாவுக்கு எந்த அரபுப் படையும் போகவில்லை, அங்கே போனவர்கள் வியாபாரிகளும் சூஃபிகள் எனப்படும் முஸ்லிம் ஞானிகளும். எந்தத் தகவல் கிடைத்தாலும் எந்தப் பத்தியில் போடுவது என்று முதலில் யோசியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேற்கோடான உறவைப் படிக்கும்போது போர் ஆண்டுகளை மட்டும் எழுதாதீர்கள். சிலுவைப் போர்வீரர் ஜெருசலேத்தைப் பிடித்தது 1099, முஸ்லிம் சுல்தான் சலாகுதீன் மீட்டது 1187, இது எல்லோருக்கும் தெரியும். அதே 12ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பெயினின் தொலேதோவில் கிறிஸ்தவரும் யூதரும் அரபு நூல்களை இலத்தீனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரில் இருந்துதான் இன்று பிள்ளைகள் கணினிப் பாடத்தில் படிக்கும் 'அல்கோரிதம்' வந்தது. முஸ்லிம் மருத்துவ அறிஞர் இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 17ஆம் நூற்றாண்டு வரை படிப்பித்தன. வெனிஸ் நகரத்துக் கிறிஸ்தவ வியாபாரிகள் அலெக்சாந்திரியாவில் முஸ்லிம்களிடம் மிளகு வாங்கித்தான் பணக்காரரானார்கள், அந்த வியாபாரத்தைச் சுற்றிப்போய்ப் பிடிக்கத்தான் வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். எனவே 'மேற்கு' என்று ஒரே ஆள் இல்லை, 'இஸ்லாம்' என்று ஒரே அரசும் இல்லை.

இரத்தத்தை மறைக்கவும் வேண்டாம். 1099இல் ஜெருசலேத்தில் நடந்த படுகொலையைச் சொல்லுங்கள், 2019 ஏப்ரல் 21இல் நம் நாட்டில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியும். யார், எந்த ஆண்டு, எவருடைய பெயரால் என்று பிரித்துச் சொன்னால் பழி ஒரு சமூகத்தின் தலையில் போய் விழாது.

ஒரு ஞாயிறு பின்னேரம் திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டைக்கு நடந்து போங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். அதே பத்தாண்டில், 1626இல், தங்கள் பகுதியில் இருந்த முஸ்லிம்களைத் துரத்தினார்கள், கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கில் குடியேற்றினான். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். இந்துப் பிள்ளை ஒரு பாதியையும் முஸ்லிம் பிள்ளை மறுபாதியையும் மட்டும் தெரிந்து வளர்வது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

கொழும்புக்குப் போனால் தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்தளபதி செங் ஹ 1409இல் பொறித்த கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. போர்த்துக்கேயர் வருவதற்குச் சுமார் நூறு ஆண்டுக்கு முன்பு இந்தக் கடல் எப்படி இருந்தது என்று அந்தக் கல்லே சொல்லும்.

பிறகு 19ஆம் நூற்றாண்டு. 1882இல் பிரித்தானியர் எகிப்தைப் பிடித்து, எதிர்த்து நின்ற ஒராபி பாஷாவை 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். இங்கே அவர் முஸ்லிம் கல்விக்குப் பாடுபட்ட அறிஞர் சித்திலெப்பையோடு சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்குத் துணை நின்றார், 1892இல் கொழும்பில் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய சாஹிரா கல்லூரி.

கடைசியாகக் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் வயதானவர்களோடு கதையுங்கள். மார்க்கத்தைப் பற்றி விசாரணை செய்வதுபோல் கேட்கக் கூடாது. 'காக்கா, 2009இல் பாலம் வருவதற்கு முன் எப்படி அக்கரைக்குப் போவீர்கள்' என்று தொடங்கினால் போதும், பாதைப் படகில் ஆரம்பித்து அவருடைய உம்மாவின் குடி, வாப்பாவின் வியாபாரம் என்று பேச்சு தானாக ஓடும். கொப்பியைக் கையில் வைத்திருங்கள், ஆனால் தேத்தண்ணி குடித்து முடியும் வரை திறக்க வேண்டாம்.