உறைபனிக் காலையில் டீசல் வண்டி: மலையில் இருப்பவர்களுக்கும் ஏறி வருபவர்களுக்கும்

ஊட்டி அருகே தலைகுந்தாவில் உறைபனியில் புல்வெளி வெள்ளையாகிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், கூடவே இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும்: "டீசல் உறைந்துவிட்டது, வண்டி எடுக்கவில்லை." பல நேரங்களில் டீசல் பாவம், அதன் மேல் குற்றமே இருக்காது. பேட்டரி சோர்ந்திருக்கும், அல்லது பில்டரில் தண்ணீர் நிற்கும். ஆனால் டீசலே காரணமாகும் நாட்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே தயாராகலாம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். டீசலில் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. குளிர் கூடும்போது அது நுண்துகளாகப் பிரிய, டீசல் மங்கலாகிறது. பிறகு அந்தத் துகள்கள் பில்டரை அடைக்கின்றன. அதற்கும் அப்பால்தான் டீசல் கூழாகிறது. நீலகிரியில் கூழாகும் அளவுக்குப் போவது அரிது. நமக்குத் தொல்லை பில்டரில்தான். டேங்கில் டீசல் தளும்பும், என்ஜினுக்கு ஒரு சொட்டும் வராது.

படி 1: புது டீசல் போடுங்கள்

ஐ.எஸ். 1460 என்ற இந்தியத் தர விதிப்படி, நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்கால டீசல் 6 டிகிரி செல்சியஸ் வரையிலாவது பில்டரை அடைக்காமல் பாய வேண்டும். மற்ற மாதங்களில், அதாவது கோடைக்கால டீசலுக்கு, இந்த வரம்பு 18 டிகிரி. பங்கில் கிடைப்பது பெரும்பாலும் வரம்பைவிடத் தேவலையாக இருப்பதால்தான் ஜூலைச் சாரலிலும் வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் நீலகிரியின் அவலாஞ்சியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது அந்தத் தயவை நம்பியிருக்க முடியாது. செப்டம்பரில் நிரப்பி, அதிகம் ஓட்டாமல் நிறுத்திய ஜீப்பில் இருப்பது கோடைக்கால டீசல். பனி தொடங்குமுன் அதை ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இரவில் டேங்க் நிறைந்திருப்பது நல்லது. காலி இடத்துக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்து தண்ணீராக டேங்கின் அடியில் சேர்கிறது.

லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்த டீசல், மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தன்மையை இழக்காது. நம்மூர் பங்குகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: தண்ணீரை வடியுங்கள்

மெழுகைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தண்ணீர் பூஜ்யத்திலேயே பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். பல வண்டிகளில் டீசல் பில்டரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். என்ஜின் நின்று ஆறியதும் கீழே ஒரு டப்பா வைத்துத் திருகைத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும். தெளிந்த டீசல் வந்ததும் மூடிவிடுங்கள். பில்டர் மாற்றும் கெடு நெருங்கியிருந்தால் டிசம்பருக்கு முன்பே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

படி 3: நிறுத்தும் இடம்

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த திறந்த வெளிகள் வெளுப்பதும், மேட்டில் மரத்தடிப் புல் பச்சையாகவே இருப்பதும் அதனால்தான். வண்டியை மேட்டில், கூரைக்கடியில், காலை வெயில் முதலில் விழும் பக்கமாக முன்புறத்தைத் திருப்பி நிறுத்துங்கள். காசு செலவில்லாத வழி இது.

படி 4: எதைக் கலக்கலாம், எதைக் கூடாது

மண்ணெண்ணெய் கலப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். பழைய என்ஜின்கள் தாங்கின. இன்றைய காமன் ரயில் என்ஜினின் (உயரழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கிப் பீய்ச்சும் வகை) உயரழுத்தப் பம்புக்கு டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் சேர்ந்தால் அந்த வழுவழுப்பு குறைந்து பம்ப் தேயும். பம்ப் விலையைக் கேட்டால் குளிரே பரவாயில்லை என்று தோன்றும். பெட்ரோல் கலப்பதோ தீ விபத்துக்கு அழைப்பு. உறைதல் தடுப்பு மருந்து வாங்கினால், டீசல் தெளிவாக இருக்கும்போதே, முதல் நாள் மாலையில், டப்பாவில் சொன்ன அளவில் ஊற்றுங்கள். அது மெழுகுத் துகள் பெரிதாகாமல் தடுக்கும். பிரிந்துவிட்ட மெழுகைக் கரைக்காது.

படி 5: காலையில்

சாவியைத் திருப்பியதும் சுருள் விளக்கு அணையும்வரை பொறுங்கள். ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் அது. பிறகு கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். எடுக்காவிட்டால் வண்டியின் சத்தத்தைக் கேளுங்கள், புகையைப் பாருங்கள்:

செல்ப் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி. நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகை மட்டும் வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லாவிட்டாலோ, எடுத்துச் சிறிது நேரம் ஓடி இழுவை குறைந்து அணைந்தாலோ, அப்போதுதான் பில்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

பில்டர் அடைத்துவிட்டால்

திரும்பத் திரும்பச் செல்ப் அடித்தால் பேட்டரியும் போய்விடும். வண்டியை வெயிலுக்குத் தள்ளுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை பில்டரில் சுற்றி, ஆற ஆற மாற்றுங்கள். ஒயர் இணைப்புகளில் ஈரம் படக் கூடாது. டேங்கின் அடியில் பந்தம் கொளுத்திக் காட்டுவதைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு பில்டர் மேலுள்ள கை பம்பை இறுகும்வரை அழுத்திவிட்டு செல்ப் அடியுங்கள். காமன் ரயில் வண்டியில், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதாக நினைத்து உயரழுத்தக் குழாயைத் தளர்த்த வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எடுத்த பிறகு முறுக்காமல் ஓட விடுங்கள். என்ஜினில் சூடான டீசலில் ஒரு பகுதி டேங்குக்குத் திரும்புவதால், ஓடும் வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

விடுதி, எஸ்டேட் ஜெனரேட்டர்களுக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் சும்மா நிற்பவை அவை. பேரலில் வாங்கி வைத்திருந்தால் வாங்கிய மாதத்தை அதன் மேல் எழுதி வையுங்கள். அக்டோபர் பேரலை அக்டோபரிலேயே காலி செய்துவிட்டு, டிசம்பருக்கு நவம்பர் டீசலை நிரப்புங்கள்.