அமெரிக்க அடிமை முறை ஒழிப்பு: மூன்று தேதிகளைப் பிரித்துப் படியுங்கள்

அமெரிக்காவில் அடிமை முறையை ஆபிரகாம் லிங்கன் 1863-இல் ஒழித்தார் என்று ஒற்றை வரியில் குறிப்பெடுத்து வைத்திருப்பவர்கள், அதன் பக்கத்தில் மேலும் இரண்டு தேதிகளை எழுதிக்கொள்வது நல்லது. 1863 ஜனவரி 1 அன்று அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், உள்நாட்டுப் போரின் நடுவே தரைப்படை, கடற்படைகளின் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தில் பிறப்பித்த போர்க்கால ஆணை என்பதால், கிளர்ச்சியில் இறங்கிய பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியத்தை, அதாவது அமெரிக்கக் கூட்டாட்சியை, விட்டு விலகாத கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசௌரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவே இல்லை. ஐயம் இருந்தால், அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் மூல வாசகத்தையே படித்துப் பாருங்கள். சில நிமிட வேலைதான். லூசியானாவைக் கிளர்ச்சி மாநிலமாகக் குறித்த கையோடு, நியூ ஆர்லியன்ஸ் உட்பட ஒன்றியப் படையின் பிடிக்குள் வந்துவிட்ட பகுதிகளைப் பெயர் சொல்லி விலக்கியிருப்பார் லிங்கன். வழக்கறிஞர் அல்லவா!

இரண்டாவது தேதி 1865 ஜூன் 19. டெக்சாஸின் கால்வெஸ்டனில் தளபதி கோர்டன் கிரேஞ்சர் விடுதலை ஆணையை அறிவித்த அந்த நாள், 2021 முதல் அமெரிக்காவில் தேசிய விடுமுறையாக இருக்கிறது.

மூன்றாவது 1865 டிசம்பர் 6. போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்ற 13-வது அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்கான தண்டனை என்ற ஒரே விலக்குடன், நாடு முழுவதும் அடிமை முறையைச் சட்டப்படி முடித்தது. லிங்கன் 1865 ஏப்ரலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும் இடையில் குறித்துவிட்டால், வரிசை குழம்பாது.